பயனரடைவு ஒத்திசைவு: சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நிறுவனத்தின் உள்வழங்கியில் (அதன் சொந்த வழங்கிக் கணினியில்) இருக்கும் பயனர் விவரங்களை மேகக்கணிச் சேவையிலும் அதே நிலையில் வைத்திருக்கும் பணிக்கு ‘அடைவு ஒத்திசைவு’ (directory synchronization) என்ற தொடர் முன்வைக்கப்பட்டுள்ளது. அதனோடு தொடர்புடைய வேறு சில சொற்களும் முன்மொழியப்பட்டுள்ளன. அவை பற்றிய என் கருத்து இது. லினக்ஸ் தமிழாக்கங்களில் ‘அடைவு’ கோப்புகள் இருக்கும் இடத்தைக் குறித்துவருவதால், படிப்பவர் இதைக் கோப்புகளைப் படியெடுக்கும் வேலையென்றே கொள்வார். அதற்காக அச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. சொல்லடைவு, பெயரடைவு என்று நூல்களில் வழங்கும் வார்ப்பிலேயே ‘பயனரடைவு’ என்றால் மயக்கம் தீர்கிறது. குழுக்களும் கணினிகளும்கூட அதில் பதிவாகின்றனவே எனலாம். முதன்மையான ஒன்றின் பெயரால் முழுவதையும் சுட்டுவது அது; உரையாசிரியர்கள் மொழியில் தலைமை பற்றிய வழக்கு.

‘ஒத்திசைவு’ இருபுறமும் சரிநிகராக மாறுவதைக் குறிக்கும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. இப்பணிக்கான கூகுளின் மென்பொருளான கிளவுட் டைரக்டரி சிங்க் ஒரு திசையில் மட்டுமே தரவை அனுப்புகிறது. மைக்ரோசாஃப்டின் மேகக்கணிப் பயனர் சேவையான என்ட்ராவுக்குரிய என்ட்ரா கனெக்ட் சிங்க்கிலும் பெரும்பாலான பண்புகளுக்கு உள்வழங்கியே மூலம். கடவுச்சொல் போன்ற சில மட்டும், அவ்வாறு அமைத்தால், மேகத்திலிருந்து திரும்பி வந்து எழுதப்படும். ஆயினும் அதற்கு மாற்றாக ‘நகலாக்கம்’ என்பது போதாது. என்ட்ரா கனெக்டின் இயல்பமைப்பில் உள்ளதுபோல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முந்தைய சுற்றுக்குப் பின் மாறியவற்றை மட்டும் கண்டறிந்து, விதிகளின்படி வடிகட்டி அனுப்பும் செயல் வெறும் நகலன்று. ஆகவே ‘ஒத்திசைவு’ நிற்கட்டும். திசையைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘ஒருவழி’ என்ற அடை சேரட்டும். மாறியவற்றை மட்டும் அனுப்புவதற்கு ‘மாற்ற ஒத்திசைவு’ என்றால் ‘மாற்றுவதற்கு’ என்றும் படிக்க நேரும். ‘வேறுபாட்டு ஒத்திசைவு’ பாதுகாப்பானது.

உள்வழங்கிப் பதிவையும் மேகப் பதிவையும் ஒரே ஆளுடையவை என்று கட்டிவைக்கும் மாறாத மதிப்புக்குச் சொல் காண்பதே கடினமாக இருக்கிறது. ஓர் ஊழியர் பெயரை மாற்றிக்கொள்கிறார். மின்னஞ்சல் முகவரியும் உடன் மாறுகிறது. முகவரியை வைத்தே ஆளை அறியும் அமைப்பாக இருந்தால், புதிய முகவரிக்கு இன்னொரு கணக்கு முளைத்து, பழைய அஞ்சல்பெட்டி உரியவரின்றிக் கிடக்கும். இதைத் தவிர்க்கவே, பதிவு உருவாகும்போது கிடைக்கும் தனித்த அடையாள எண்ணைப் பிணைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ‘மூல நங்கூரம்’ (source anchor) என்ற முன்மொழிவு கேட்க அழகாக இருந்தாலும், கப்பலைத் தவிர வேறெதையும் நினைவூட்டவில்லை. அது ஆற்றும் பணியைச் சொல்லும் ‘பிணைப்படையாளம்’ என்பதே என் தேர்வு.

உள்வழங்கியில் நீக்கப்பட்ட பயனர் மேகத்தில் உடனே அழிந்துவிடுவதில்லை. என்ட்ராவில் 30 நாள்வரை மீட்கலாம். இவ்வகை நீக்கத்துக்கு (soft delete) முன்மொழிந்த ‘இடைநீக்கம்’ அலுவலகங்களில் ஒழுங்கு நடவடிக்கையைக் குறிப்பது. கணக்கு நீங்கிய செய்தியில் அச்சொல்லைக் கண்டால் உரியவர் பதறிப்போவார். நீளம் கருதாமல் ‘மீட்கத்தக்க நீக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். இதைவிடச் சுருக்கமான வடிவம் தோன்றினால் தெரிவியுங்கள்.