கைப்பாடமா, செய்துபார்த்தலா? தொடக்கப்பள்ளிக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: பாலக்காட்டுச் சித்தூர் டீச்சர்

சொல்லாக்கக் குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் தமிழ்வழி எல்.பி. பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருக்கிறோம். அன்று புத்தகம் பையை விட்டு வெளியே வராது. பிள்ளைகள் எதையாவது கட்டுவார்கள், அளப்பார்கள், பிரிப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். மலையாளப் பிரிவு ஆசிரியர்கள் இதை 'ஹேண்ட்ஸ் ஆன் ஸ்டெம்' என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழ்க் கால அட்டவணையில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பி.டி.ஏ. கூட்டத்துக்கான சுற்றறிக்கை இந்த வாரம் அச்சுக்குப் போகிறது.

ஸ்டெம் என்ற பாதியை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் அவை, அவ்வளவுதான். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் முதலில் 'ஸ்மெட்' என்றுதான் வழங்கினார்கள். 2001 வாக்கில் அங்கே பொறுப்பில் இருந்த ஜூடித் ராமலி, கேட்க நன்றாயில்லை என்று எழுத்துகளை மாற்றி அடுக்கினார். அவர்கள் காதுக்கு இதமாக அடுக்கியதைப் பார்த்து நாம் 'அதொபொக' என்று ஒன்றை உண்டாக்கினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கிலீஷில் ஸ்டெம் என்றால் செடியின் தண்டு என்பதால் 'தண்டுக் கல்வி' என்று யாரும் எழுதி அனுப்பிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

எனக்குச் சொல் வேண்டியது 'ஹேண்ட்ஸ் ஆன்' என்ற மறுபாதிக்கு. தோப்பு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு விளக்கமில்லாமல் விளங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வாயில் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் மேசைமேல் செய்வதைப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது வேறு, பிள்ளையே செய்வது வேறு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். பள்ளிகளில் நடக்கிற முக்கால்வாசி முதல் ரகம்.

மலையாளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று எங்கள் எச்.எம். சொன்னார். பரிசோதனைக்கு அங்கே 'பரீக்ஷணம்'. எங்கள் பெற்றோர் காதில் அது பரீட்சை என்றுதான் விழும். அறிவியலுக்கு 'சாஸ்திரம்'. 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. சிறுவர்களுக்காக அவர்கள் 1970 முதல் நடத்தும் 'யுரேகா' இதழை எங்கள் பிள்ளைகள் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அங்கே அது கம்பீரமான சொல். தமிழில் 'சாஸ்திரத்துக்குச் செய்வது' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். (சில ஆய்வகங்கள் அந்த அர்த்தத்தில்தான் இயங்குகின்றன.)

என் முன்மொழிவு: கைப்பாடம். மனப்பாடத்துக்கு எதிரில் நிற்கும். எங்கள் பக்கம் மனப்பாடத்தை மலையாள வழக்கில் 'காணாப்பாடம்' என்பார்கள். புத்தகத்தைக் காணாமல் ஒப்பிப்பது காணாப்பாடம், கையால் பிடித்துப் படிப்பது கைப்பாடம் என்று கூட்டத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அடித்துத் துவைக்கலாம், ஆனால் சீக்கிரம்.


அனுப்புநர்: கம்பம்

டீச்சர், யாராவது 'செய்முறை இருக்கிறதே' என்று எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் செய்முறை என்றால் மொய், சீர். 'நாங்க செஞ்ச செய்முறையே இன்னும் திரும்பி வரல' என்று பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. 'செய்முறைக் கல்விக்கு ஒத்துழைப்புத் தாருங்கள்' என்று சுற்றறிக்கை போனால் பள்ளிக்கூடத்தில் வசூல் ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பார்கள். பிளஸ் டூ முடித்த அண்ணன் அக்காவுக்கோ செய்முறை என்றதும் ரெக்கார்டு நோட்டுதான் நினைவுக்கு வரும்.

'டிங்கரிங்' என்றும் ஒன்று உலவுகிறது. பள்ளிகளுக்காக ஒன்றிய அரசு 2016-இல் கொண்டுவந்த அடல் டிங்கரிங் ஆய்வகங்களின் உபயம். ஆறாம் வகுப்புக்கு மேல்தான் அது, உங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. எப்படியும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் டிங்கரிங் என்றால் ஜீப்புக்கு ஒடுக்கு எடுப்பது. ஆறு முதல் எட்டு வரைக்கு 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய அறிவியல், கணிதத் திட்டத்துக்கு 'வானவில் மன்றம்' என்று பேர் வைத்தார்கள். நல்ல பேர். சொல் தேடுகிற தொல்லையிலிருந்தும் தப்பித்துக்கொண்டார்கள்.

கைப்பாடத்துக்கு என் ஓட்டு.


அனுப்புநர்: ஆந்திரச் சித்தூர்

குழுவில் சித்தூர் இரண்டு இருப்பதால் போன மாதம் எனக்கு வர வேண்டிய வசவு ஒன்று டீச்சருக்குப் போனது. பொறுத்தருள்க, அம்மா.

'செயல்வழிக் கற்றல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அந்தச் சொல்லின் பின்கதை எங்கள் பக்கத்தில் நடந்தது என்பதால் நான் பதில் சொல்கிறேன். மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கிறது ரிஷிவேலிப் பள்ளி. அங்கிருந்தவர்கள் சுற்றுக் கிராமங்களில் நடத்திய சின்னப் பள்ளிகளில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போக வேண்டும் என்று பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப் படம் போட்டு வரிசைப்படுத்தினார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் ஆரம்பித்தன. 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதற்கு வைத்த பெயர்தான் செயல்வழிக் கற்றல்.

சொல்லில் குறையே இல்லை. ஆனால் அட்டை, ஏணி, தரையில் பாய், பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் குடியேறிவிட்டன. அட்டையை எடுத்து வாசிப்பதும் அதில் ஒரு செயல்தான். டீச்சர் கேட்பதோ கத்தரிக்கோலும் கயிறும் உள்ள பிற்பகல். அந்த வீட்டில் இவர்களுக்கு இடமில்லை.

தெலுங்கிலும் இரவல் வாங்க முடியாது. எங்கள் பாடநூல்களில் செயல்பாட்டுக்குக் 'க்ருத்யம்', பரிசோதனைக்குப் 'ப்ரயோகம்'. தமிழில் பிரயோகம் என்றாலே முன்னால் தடியடி வந்து நிற்கும்.

இனி கைப்பாடம். எனக்கு அதில் 'கை' பிடிக்கிறது, 'பாடம்' பிடிக்கவில்லை. வாத்தியாருக்கு முன்பே தெரிந்த விடையை மனத்துக்குப் பதில் கை வழியாக இறக்குவது என்றுதான் அது தொனிக்கிறது. பிள்ளை கட்டுவது நிற்குமா, விழுமா என்று கட்டி முடிக்கும்வரை வாத்தியாருக்கும் தெரியாது என்றால்தான் அது பொறியியல்.

தமிழில் இதற்கு எழுதிவைத்தாற்போல் ஒன்று இருக்கிறது: செய்து பார். இந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பதல்ல. தூக்கிப் பார், தட்டிப் பார், முகர்ந்து பார், கேட்டுப் பார். கண் தெரியாதவரும் பொட்டலத்தைத் தூக்கிப் பார்ப்பார். முடியுமோ முடியாதோ, இறங்கித் தெரிந்துகொள் என்பது அந்த ஒரு துணைவினைக்குள் அடங்கியிருக்கிறது. தெலுங்கில் 'சேசி சூடு', மலையாளத்தில் 'செய்து நோக்கு'. மூன்று மொழியிலும் ஒரே அச்சு. எல்லையோரப் பள்ளிக்கு வேறென்ன வேண்டும்? தமிழ் தடுமாறுகிற அம்மாவுக்கும் புரியும்.


அனுப்புநர்: செங்கோட்டை

அம்மணி, கைப்பாடத்துக்கு நான் ஒரு இடி கொண்டுவந்திருக்கிறேன். கரதலப்பாடம் என்று ஒரு சொல் உண்டு. கரதலம் உள்ளங்கை. ஆனால் கரதலப்பாடம் என்றால் தலைகீழாக ஒப்பிக்கும் மனப்பாடம்! நீங்கள் எதிரில் நிறுத்த நினைத்த ஆளுக்கு அது சொந்தத் தம்பி. பெரியவர்கள் கூட்டத்தில் எவராவது எழுந்து இதைச் சொன்னால் உங்கள் ஒருவரி விளக்கம் அங்கேயே முடிந்தது.

'செய்து பார்' மேலும் எனக்குக் குறை உண்டு. சொல்லாக்கத்தில் ஒரு சொல் குட்டி போட வேண்டும். பெயராக்கப் போனால் 'செய்துபார்ப்பு' என்று வரும். பார்ப்பு என்றால் பழந்தமிழில் பறவைக் குஞ்சு. 'செய்துபார்த்தல்' என்றால் வாய் வலிக்கிறது. பெயர்தான் முதலில் மனத்தில் நிற்கும் என்பதற்கு ஆதாரக் கல்வியே சாட்சி. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த திட்டத்தில் கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் மற்றப் பாடங்கள் சுற்றி வர வேண்டும். அதற்குத் தமிழில் நின்ற பெயரில் கையும் இல்லை, தொழிலும் இல்லை. 'ஆதாரம்' என்றதும் ஜனங்கள் பத்திரத்தைத் தேடுவார்கள்.

'செய்பாடம்' என்று வைத்தால் என்ன? சுருக்கமாயிருக்கிறது.


அனுப்புநர்: பாலக்காட்டுச் சித்தூர் டீச்சர்

ஐயா, கரதலப்பாடம் நல்ல அடி. கைப்பாடத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் செய்பாடத்துக்கு நான் வரமாட்டேன். ஆந்திரச் சித்தூர் சார் 'பாடம்' மேல் வைத்த குற்றம் அதற்கும் பொருந்துகிறது.

இந்த வாரப் பிற்பகலில் நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு அதிலேயே இருக்கிறது. ஆடி மாதம் எங்கள் ஊரில் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கணவாய்க்குள் நுழைகிற காற்று வகுப்பறைக் கதவை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். பனையோலைக் காற்றாடி செய்தோம். ஓலைக் கீற்றை லேசாக முறுக்கி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையில் செருகினால் ஆயிற்று. அவர்கள் தாத்தாக்கள் விளையாடியதுதான். நான் சேர்த்தது ஒரே ஒரு நிபந்தனை. காகிதக் கோப்பையில் புளியங்கொட்டை போட்டு நூலில் தொங்கவிடுவோம், காற்றே அதைத் தூக்க வேண்டும்.

எல்லாரும் நூலை முள்ளில் கட்டினார்கள். ஓலை விர்ரென்று சுற்றியது, நூல் அசையவில்லை. ஊதிப் பார்த்தார்கள், ஓடிப் பார்த்தார்கள். முள் தட்டையில் இறுகி நிற்கிறது, ஓலை மட்டும் அதைச் சுற்றி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி. 'முள்ளும் கூடச் சுத்தணும் டீச்சர்' என்றாள். அச்சு என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

முள் நீளம் போதாது என்று தென்னை ஈர்க்குக்கு மாறினார்கள். ஓலையை ஈர்க்கோடு அசையாமல் கட்டி, ஈர்க்கைப் பப்பாளி இலைக் காம்புக் குழலுக்குள் விட்டு, பின்பக்க நுனியில் நூல். இப்போது நூல் சுற்றியது, ஆனால் நாலு கொட்டைக்கு மேல் போட்டால் ஈர்க்கு வளைந்து குழலில் உரசி நின்றது. ஒரு பையன் அவன் மாமா சைக்கிள் கடையிலிருந்து போக்ஸ் கம்பி கொண்டுவந்தான். இன்னொரு கூட்டம் இரண்டு இறக்கையை நாலாக்கியது. வேகம் குறைந்தது, ஆனால் தூக்கும் கொட்டை கூடியது. இறக்கை எத்தனை, கொட்டை எத்தனை என்று இரண்டு பத்தி போட்டு எழுதினோம். கணக்கு அங்கே தானாக வந்து உட்கார்ந்தது. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளுக்கு ஏன் மூன்றே இறக்கை என்று ஒருவன் கேட்டான். அடுத்த வாரம் மூன்று இறக்கை வைத்துக் கொட்டையை எண்ணுவதாக ஏற்பாடு.

அன்று அவர்கள் என்னிடம் கேட்டது முழுக்க இப்படித்தான் இருந்தது: 'டீச்சர், மாத்திக் கட்டிப் பாக்கட்டா?' 'கம்பி போட்டுப் பாக்கட்டா?' ஒரு பிள்ளையும் 'செய்யட்டா' என்று கேட்கவில்லை. செய்தால் சரியாக வர வேண்டும். செய்து பார்த்தால் வராமலும் போகலாம், திட்டு விழாது.

இன்னொன்று. நான் முதல் மடலில் கேட்ட மூன்றாவது நிபந்தனை இதில் தானாக நிறைவேறுகிறது. மேசைமேல் ஆசிரியர் நடத்துவது செய்துகாட்டல். பிள்ளை தானே இறங்குவது செய்துபார்த்தல். காட்டு, பார் என்ற இரண்டு வினை போதும், யார் கையில் பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேலதிகாரி வந்து 'இது என்ன வகுப்பு' என்று கேட்டால் எது நடக்கிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், தப்பிக்க முடியாது. அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

வாய் வலிக்கிறது என்றீர்களே ஐயா, பிள்ளைகளுக்கு 'தல்' வேண்டாம். கால அட்டவணையில் 'செய்துபார் வகுப்பு' என்று எழுதிவிட்டேன். கட்டுரைக்கும் அறிக்கைக்கும் செய்துபார்த்தல். குட்டி போடுமா என்றால், இதோ போட்டிருக்கிறது: ஓலை, கம்பி, நூல் எல்லாம் போட்டு வைக்கிற தகரப் பெட்டிக்கும் பெயர் எழுத வேண்டும். 'செய்துபார் பெட்டி'யா, 'செய்துபார்ப் பெட்டி'யா? பெயின்ட் வாங்கி வைத்தாயிற்று, ஒற்று ஒன்றுதான் பாக்கி. ராத்திரிக்குள் சொல்லுங்கள்.


அனுப்புநர்: செங்கோட்டை

மிகாது. வினைத்தொகையாகக் கொள்ளுங்கள், சுடுசோறு போல. செய்பாடம் தோற்றதில் எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் செய்துகாட்டல் என்ற சோடியைப் பார்த்தபின் வாதாட வாயில்லை.


அனுப்புநர்: கம்பம்

மூணு இறக்கைக் கணக்கு வந்ததும் கொட்டை எண்ணிக்கையைக் குழுவுக்கும் அனுப்புங்கள் டீச்சர்.