கடலோரக் குருசடித் திருவிழாவுக்குப் போன மதுரைக்காரர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரிமேட்டுக்காரர்:

எங்கள் வீட்டில் மீன் வியாபாரம். ராமேஸ்வரம் தீவிலிருந்து சரக்கு அனுப்பும் சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு அழைப்பார், அப்பா ஏதாவது சாக்குச் சொல்வார், அந்த வருஷம் என்னை அனுப்பிவிட்டார். பெரிய சர்ச்சாக இருக்கும் என்று போனால், குருசடி என்பது சிலுவையோ சொரூபமோ வைத்த சிற்றாலயம், எங்கள் தெருமுக்குப் பிள்ளையார் கோயில் அளவுதான். உள்ளே சொரூபம், மெழுகுவர்த்தி, யாரோ நேர்ந்துகொண்டு வைத்த உப்பு மிளகுப் பொட்டலங்கள். இதற்கா இவ்வளவு கூட்டம் என்று தோன்றியது உண்மைதான்.

தேதியைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தோணியார் திருநாள் ஜூன் 13. ஏப்ரல் 15இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் முடிவது ஜூன் 14. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். அத்தனை நாளும் வருமானம் இல்லாமல், கடன் வாங்கிப் படகை மராமத்து பார்த்துப் பெயின்ட் அடித்து வைத்திருப்பவர்களுக்கு அடுத்து மீன்பாடு எப்படியிருக்குமோ என்ற கவலை இருக்காதா? சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு விசைப்படகாகப் போனார், இந்து சம்மாட்டிகளும் தங்கள் படகில் ஏறி நின்று வாங்கிக்கொண்டார்கள். சாமியாருக்கு வேலை அதுவும் பூசையும்தான். வரி பிரிப்பது, சப்பரம், நேர்ச்சைக் கோழி ஏலம், சாப்பாடு எல்லாம் ஊர்க் கமிட்டி. குருசடிச் சாவியும் ஊர்க்காரரிடம்தான் இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. ஏலத்தில் ஒரு தேங்காய் போன விலையைக் கேட்டு நான் வாயைப் பிளக்க, சம்மாட்டி சொன்னார்: "தம்பி, இது தேங்காய்க்குக் கொடுக்கிற காசு இல்லை."

முத்துநகர்ப் பெண்:

அண்ணா, நான் தூத்துக்குடி, வேலைக்காக மதுரை. எங்கள் ஊரில் ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதாவைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தங்கத்தேர் வருஷா வருஷம் வராது, முதன்முதலாக ஓடியது 1806இல். அது வரும் வருஷம் எங்கே இருந்தாலும் கிளம்பி வந்துவிடுவோம், லீவு தராவிட்டாலும்! ஆனால் வீட்டுப் பெண்கள் மனசுவிட்டுப் பேசுவது தெருவில் மாதா சொரூபம் வைத்த சின்னக் கெபியில்தான். பெரிய கோயிலில் முறைப்படி ஜெபம் சொல்லும் எங்கள் பாட்டி, கெபியில் மாதாவிடம் மருமகளைப் பற்றிப் புகார் சொல்லும். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை வாசிக்கும்போது கூட்டத்தில் அழாத ஆளைப் பார்க்க முடியாது.

இன்னொன்று. மதுரைக்காரர்கள் இங்கே கிறிஸ்தவம் என்றாலே 1606இல் வந்த நொபிலி பாதிரியாரில் ஆரம்பிப்பீர்கள். அதற்கு முன்பே, 1595 முதல், பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு மதுரையில் இருந்தார். அவரை நம்பி இருந்தவர்கள் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையிலிருந்து வந்து தங்கிய எங்கள் கடலோரச் சமூகமான பரதவர்கள். பரதவர் ஞானஸ்நானம் வாங்கியதே 1530களில், சவேரியார் வந்தது 1542இல். அதனால் மதுரையின் பழைய ஜெபக்கூடத்தில் முழங்காலிட்டவர்கள் கடல்காரர்கள்தான் என்று நான் ஆபீஸில் அடிக்கடி பெருமை பேசுவேன். போதாததற்கு, உங்கள் சொக்கநாதரே அம்மனைக் கட்ட வலைஞர் வேஷத்தில் வலை வீசியவர்தானே.

திருநகர்வாசி:

நான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், முன்கூட்டியே பதிவு செய்து அடையாள அட்டையோடு ராமேஸ்வரத்தில் படகு ஏற வேண்டும். அங்கே முதலில் கோயில் கட்டியவர் நம்புதாளைக்காரரான சீனிக்குப்பன் படையாச்சி என்பார்கள். இலங்கைப் போர்க்காலத்தில் நின்றுபோன பயணம் 2010இல் மறுபடி தொடங்கியது, 2016இல் புதுக் கோயிலும் வந்தது.

கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர், மறுநாள் காலைப் பூசை, எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. எனக்கு அதைவிட ராத்திரி நடந்த பேச்சுதான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்து மீனவர் ஒருவர் எங்கள் படகு ஆட்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "உங்கட இழுவைமடியால எங்கட வலை போகுது" என்று, கடலடியை வாரி இழுக்கும் எங்கள் விசைப்படகு வலையைப் பற்றி, முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் போனால் பிடித்து உள்ளே வைக்கிறார்களே என்றார்கள். சத்தம் கொஞ்சம் கூடியது, கோயில் வாசலில் சண்டை வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் அதட்டினார், அப்புறம் மீன் விலைக்குப் பேச்சு மாறிவிட்டது. இரண்டு நாட்டு அதிகாரிகள் மேசையில் பேசுவதைவிட இது நேர்மையான பேச்சு என்பேன்.

தீவில் குடிதண்ணீர் கிடையாது, போகிறவர்கள் தாராளமாக எடுத்துப்போங்கள். கரிமேட்டுக்காரரே, அந்தத் தேங்காயை ஏலம் எடுத்தது யார் என்று சொல்லவில்லையே?