கலைச்சொல் வேண்டல்: ‘இன் ஆர்டினரி’ நிலையில் வைத்த போர்க்கப்பல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரப் போர்க்கப்பலின் பணி வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் வேலை நிற்கிறது.

கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தின் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி பம்பாயில் மலபார் தேக்கால் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய கப்பல் இது. நெப்போலியன் போர்க்காலக் கப்பல்களுக்கே இங்கிலாந்தின் ஓக் மரங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. தேக்கு நெடுநாள் உழைக்கும் என்பதும் கடற்படைக்குத் தெரியும். 1812-லேயே ஆணை பிறந்துவிட்டது. ஆனால் வரைபடங்களைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை அந்த டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் வீழ்த்தியது. கட்டும் வேலை தொடங்க 1816 ஆனது. 1819 ஏப்ரலில் கப்பல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்தான். போர் இல்லை, புதுக் கப்பலுக்கு வேலையும் இல்லை.

அப்போது அதை ‘இன் ஆர்டினரி’ நிலையில் வைத்தார்கள். 1845 வரை அப்படியே இருந்தது. இந்தக் கால் நூற்றாண்டுக்குத்தான் சொல் வேண்டும்.

இந்த நிலையில் ஒரு கப்பலுக்கு என்ன செய்வார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். பீரங்கிகளை இறக்குவார்கள். பாய்மரங்களையும் கயிறுகளையும் கழற்றிக் கரையில் பண்டகசாலையில் சேர்ப்பார்கள். மழை உள்ளே இறங்காமல் மேல்தளத்துக்குக் கூரை போடுவார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகள் போய், செராங் (மாலுமிகளின் மேற்பார்வையாளர்), தச்சர், பீரங்கிப் பொறுப்பாளர், சமையல்காரர் என்று ஒரு சிறு குழு மட்டும் கப்பலோடு இருக்கும். கடற்படையின் ஆண்டுச் செலவில் ‘ஆர்டினரி’ என்ற வழக்கமான பராமரிப்புத் தலைப்பில் இதற்குப் பணம் வரும். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். இந்தக் கூரையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் டண்டீ துறைமுகத்தில் இருக்கும் யூனிகார்னைப் பார்க்கலாம். டிரிங்கோமலியின் வகையைச் சேர்ந்த அந்தக் கப்பல் 1824-இல் நீரில் இறங்கியது. பாய்மரமே ஏற்றாமல் நேராக இந்த நிலைக்குப் போனது. அன்று போட்ட கூரை இன்றும் அதன்மேல் இருக்கிறது.

‘ஓய்வு’ என்று எழுதினால் கப்பலின் வாழ்நாள் முடிந்ததாகத் தோன்றும். டிரிங்கோமலி அப்போது ஒரு நாள்கூடப் போர்ப்பணி செய்திருக்கவில்லை. ‘கையிருப்பு’ என்றால் அழைத்த மறுநாளே புறப்படும் கப்பல் போல இருக்கிறது. ‘துயில்நிலை’ என்று முன்பு ஒருவர் சொன்னது கேட்க அழகுதான். ஆனால் தச்சர் தினமும் கசிவு பார்க்கும் கப்பலை அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

என் முன்மொழிவு: துறைக்காப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

மறுமொழி:

வணக்கம் ஐயா.

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். 1782 செப்டம்பர் 3 அன்று எங்கள் ஊருக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய கடற்சமரின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. அதைப் பற்றித் தமிழில் ஒருவர் முறையாக எழுதுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

துறைக்காப்பு என்றதும் எனக்குத் துறைமுகத்தைக் காப்பதுதான் நினைவுக்கு வருகிறது. கோட்டையும் கடற்படைத் தளமும் உள்ள ஊர்க்காரர் யாருக்கும் அப்படித்தான் படும். துறைமுகக் காவலுக்கென்று நிறுத்தும் கப்பல் வேறு வகை. அந்தப் பொருளுக்கே இந்தச் சொல்லை விட்டுவைக்கலாம். இங்கே காக்கப்படுவது கப்பல். ஆகவே ‘காப்பிருப்பு’ என்று வைத்தால் என்ன? காத்து வைத்திருக்கும் நிலை. ‘காப்பிருப்பில் வைத்தார்கள்’, ‘காப்பிருப்பிலிருந்து எடுத்தார்கள்’ என்று இரண்டு பக்கமும் வாக்கியம் தடையில்லாமல் வருகிறது.

இன்னொன்று. பாய்மரங்களைக் கழற்றுவதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். புறநானூறு 30-இல் புகாருக்குள் வரும் பெருங்கலத்தைச் சொல்லுமிடத்தில் ‘கூம்பொடு மீப்பாய் களையாது’ என்று வருகிறது. கூம்பு களைதல், பாய் களைதல் என்ற இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

*

மறுமொழி:

தம்பி, காப்பிருப்பு என்பதையே எடுத்துக்கொள்கிறேன். பாய் களைதலும் சரி. கூம்பு என்றால் இன்றைய வாசகருக்குக் கணக்குப் பாடத்துக் கூம்புதான் தோன்றும். அந்த இடத்தில் பாய்மரம் களைதல் என்று எழுதுகிறேன்.

இதோடு ஒட்டிய இரண்டு சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். ஒரு தலைவரையும் ஆட்களையும் அமர்த்திக் கப்பலைக் கடலுக்கு அனுப்பும் ‘கமிஷன்’ என்ற காலப்பகுதிக்கு ‘ஆணைக்காலம்’. அது முடிந்து மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்துக் கலைத்து அனுப்புவதற்குக் ‘கணக்குத் தீர்த்தல்’. மில்லிலும் கடையிலும் நாம் சொல்வதேதான். கப்பலிலும் நடந்தது அதேதான்.

வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்:

“1845-இல் டிரிங்கோமலியைக் காப்பிருப்பிலிருந்து எடுத்து, பின்புறத்தை மாற்றிக் கட்டி, பீரங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வலிமையைக் கூட்டினார்கள். பீரங்கி எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரிக்கும் கணக்கில் ஐந்தாம் தரக் கப்பல் ஆறாம் தரமானது. முதல் ஆணைக்காலம் 1847-இல் தொடங்கியது. வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பகுதியில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சுற்றுக்காவலும் அதன் வேலைகளில் ஒன்று. 1850-இல் திரும்பி வந்ததும் கணக்குத் தீர்த்தார்கள். இரண்டாம் ஆணைக்காலம் 1852 முதல் 1857 வரை, பசிபிக் பெருங்கடலில்.”

எங்கும் தட்டவில்லை என்றே நினைக்கிறேன். நீரில் இறங்கி 40 ஆண்டுகளில் கடற்பணி பத்தாண்டுக்கும் குறைவு, காப்பிருப்பு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பது இப்போது வாசகருக்குத் தெளிவாகத் தெரியும். இத்தனை நாள் ஆர்வமாகப் படித்தும் இந்த விகிதம் என்னை விட்டுப் போகவில்லை.

மற்றவர்களுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ஒன்று மட்டும் பாக்கி. 1897-இல் உடைக்க விற்ற கப்பலை வீட்லி காப் என்பவர் வாங்கி, பிளாக்பூலில் உடைந்துபோன தன் பழைய கப்பலின் நினைவாக ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்றினார். இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாக அந்தப் பெயரில் 1986 வரை இருந்தது. ஹார்ட்டில்பூலில் புதுப்பிக்கும்போது 1992-இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தைச் சொல்லும்போது எந்தப் பெயரால் எழுதுவது? எனக்கு அந்தந்தக் காலத்துப் பெயரே சரி என்று படுகிறது. திருகோணமலைத் தம்பியின் எண்ணம் என்ன?