ஓவியர்கள் முன்னால் இருபது நிமிடம்

எனக்கு நாடகப் பயிற்சி உண்டு. மேடையில் மணிக்கணக்காக நின்றவனுக்கு இதில் என்ன சிரமம் என்றுதான் ஓவியர்கள் பார்த்து வரைய மாடலாக நிற்கப் போனேன். சென்னையில் ஓர் ஓவியர் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகை. ஞாயிறு காலை, பத்துப் பன்னிரண்டு பேர். அரைக்கால் சட்டை மட்டும்தான் உடுப்பு. கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வலிதான் போகவில்லை.

முதலில் குட்டி போஸ்கள். 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம். அதில் கையைத் தூக்கலாம், உடம்பை முறுக்கலாம், தாங்கிவிடும். அப்புறம் நீண்ட போஸ். 20 நிமிடம் நின்று 5 நிமிடம் ஓய்வு, மறுபடியும் அதே நிலை. ஓய்வுக்கு முன் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். திரும்பி வந்து அந்தக் கோட்டுக்குள்தான் கால் வைக்க வேண்டும்.

ஆர்வக்கோளாறில் நீண்ட போஸுக்கும் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்தன, தோள் நடுங்கியது. முழங்காலை விறைப்பாக வைத்திருந்ததில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வகுப்பு நடத்தும் அண்ணன் கவனித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். புதிதாகப் போகிறவர்கள் முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

மூன்றாவது வாரம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். கரித்துண்டால் வரைந்துகொண்டிருந்த ஒரு மாணவி நிமிர்ந்து, "அண்ணா, எடையை இடது காலுக்கு மாத்திட்டீங்களா?" என்றாள். நான் நகரவே இல்லை. வலது கால் வலித்ததால் பாரத்தைத் துளி மாற்றியிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. எடை தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும் என்று தன் தாளைக் காட்டினாள். பத்து வருட நாடகத்தில் என் உடம்பை யாரும் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லா இடமும் அப்படி இல்லை. இன்னொரு பயிற்சியில் ஒருவர் கேட்காமலே கைபேசியில் படம் எடுத்தார். போஸைக் கலைத்துவிட்டு அழிக்கச் சொன்னேன். நடத்தியவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். இப்போது படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது, மணிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிடுகிறேன். இதைப் பேச நீங்களும் தயங்க வேண்டாம்.

மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை தெரியும்தானே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. அவர் முதல்வராக இருந்த எழும்பூர் ஓவியக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் அதற்கு மாடலாக நின்றாராம். பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாறையை நெம்பும் அந்தக் கால்களைத்தான் பார்க்கிறேன். அப்படி முட்டுக்கொடுத்து எத்தனை நிமிடம் நின்றிருப்பார், நின்ற காலோடு மறுபடி எப்படிக் காவல் வேலைக்குப் போயிருப்பார்?