எலியில் தைமஸ் சுருங்குகிறது, தட்டில் ஒரு செல்கூட சாகவில்லை, ஏன்?

கூண்டுக்காவலன்:
வணக்கம். நச்சியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்து, நோய் எதிர்ப்பு டி செல்கள் வளரும் உறுப்பான தைமஸின் செல்களை என்ன செய்கிறது என்பதுதான் ப்ராஜெக்ட். சுண்டெலிக்கு வயிற்றில் ஒரே ஊசி, மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், இதயத்துக்கு மேலே வெள்ளையாக இரண்டு மடல் இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த காகிதம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடுக்கியில் எடுத்தால் பாதி கொழுப்புதான் வருகிறது. சரி, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, ஊசி போடாத எலியின் தைமஸைச் சல்லடையில் தேய்த்து, செல்களைப் பிரித்து, அதே மருந்தைக் கலந்து 24 மணி நேரம் வைத்தேன். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரிப்பான் நீலச் சாயம் போட்டு எண்ணினால் மருந்து உள்ள குழியும் இல்லாத குழியும் ஒன்றுபோல இருக்கின்றன. மூன்று முறை செய்துவிட்டேன். மருந்து பழசா, என் கை சரியில்லையா? வெள்ளிக்கிழமை கைடு கேட்பார்.

பழையலேப்:
தம்பி, மருந்தும் கெடவில்லை, உங்கள் கையும் கெடவில்லை. சைக்ளோபாஸ்பமைடு அப்படியே இருந்தால் செல்லை ஒன்றும் செய்யாது. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் நொதிகள் அதை மாற்றிய பிறகுதான் பாஸ்பரமைடு மஸ்டர்டு பிறந்து டிஎன்ஏ இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். உங்கள் தட்டில் கல்லீரல் எங்கே இருக்கிறது? 4-ஹைட்ரோபெராக்சிசைக்ளோபாஸ்பமைடு வாங்குங்கள், அது ஊடகத்தில் கரைந்ததும் தானாகவே செயல்படும் வடிவத்துக்கு வந்துவிடும். நானும் ஒரு மாதம் இதே முட்டாள்தனத்தைச் செய்தவன்தான்.

மெட்ராஸ்மைக்ரோஸ்கோப்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் எலியில் பார்த்த சுருக்கம் முழுக்க மருந்தின் வேலை என்று எழுதிவிடாதீர்கள். மருந்து போட்ட எலி தீனி எடுக்காது, உடம்பு சரியில்லாமல் மூலையில் கிடக்கும், அட்ரீனல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை வாரி இறைக்கும். தைமஸில் சுமார் 80 சதவீதம் சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் உள்ள இளம் செல்கள், அவை ஸ்டீராய்டு பட்டாலே செத்துவிடும். தைமஸ் செல்லில் ஸ்டீராய்டு அப்போப்டோசிஸை, அதாவது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதை, தூண்டுகிறது என்று வில்லி என்ற ஆய்வாளர் 1980-லேயே காட்டிவிட்டார். அதனால் மருந்து எலி தின்ற அளவே தீனி கொடுத்த ஒரு கூட்டம் வேண்டும், முடிந்தால் அட்ரீனல் நீக்கிய எலிகளும். உப்புநீர் ஊசி மட்டும் போதாது.

கூண்டுக்காவலன்:
ஐயோ, தீனியை நான் எடை போடவே இல்லை. மருந்து எலிகள் இளைத்தது மட்டும் நினைவிருக்கிறது. மருந்தின் வேலையையும் ஸ்டீராய்டின் வேலையையும் எப்படிப் பிரிப்பது?

பழையலேப்:
டிஎன்ஏ அடிபட்டால் செல்லில் ஏறி அதைச் சாக வைக்கும் புரதம் பி53. 1993-ல் இரண்டு குழுக்கள் அது இல்லாத எலியின் தைமஸ் செல்களை வைத்துப் பார்த்தன. கதிர்வீச்சும், டிஎன்ஏவை உடைக்கும் எட்டோபோசைடு மருந்தும் அவற்றைச் சரியாகக் கொல்லவில்லை, டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு மட்டும் வழக்கம்போலக் கொன்றது. அதாவது டிஎன்ஏ அடிபட்டுச் சாவது ஒரு வழி, ஸ்டீராய்டால் சாவது வேறு வழி. அந்த எலிகள் உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும், ஊசி போட்ட சில மணி நேரத்தில் தைமஸை எடுத்து பி53 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் நாள் ரொம்பத் தாமதம், செத்த செல்களை அதற்குள் மேக்ரோபேஜ்கள் விழுங்கிவிடும், சாகிற செல்லில் ஒட்டும் அனெக்சின் சோதனையில் எதுவும் பெரிதாகத் தெரியாது. அப்புறம் எல்லா எலியும் ஒரே வயதில் இருக்கட்டும், தைமஸ் வயதானாலே சுருங்குகிற உறுப்பு.

கூண்டுக்காவலன்:
நன்றி அண்ணா. நீங்கள் சொன்ன 4-ஹைட்ரோபெராக்சி மருந்தின் விலையைப் பார்த்தேன், கைடு கையெழுத்துப் போடுவாரா என்று தெரியவில்லை. டெக்சாமெத்தசோன் பக்கத்து லேபில் இருக்கிறது, செல்கள் ஒழுங்காகச் சாகின்றனவா என்று இன்று அதை வைத்துப் பார்க்கிறேன்.