கண்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

ராமநாதபுரம் பக்கம் கண்மாய்க் கரைகளில் கியர் சைக்கிள் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தேவிபட்டினத்தில் கடலைப் பார்த்துவிட்டு ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய்க்குப் போய், கரைமேலேயே முடிந்தவரை ஓட்டி, வண்டி போகாத இடத்தில் இறங்கி நடக்கலாம் என்று நண்பர்களோடு ஒரு யோசனை. கரை முழுக்கப் பாதை இருக்கிறதா, கலுங்கில் (உபரி நீர் வழியும் இடம்) தண்ணீர் போனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட முடியுமா? அப்புறம் சீமைக்கருவேல முள். டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றினால் தாங்குமா, இல்லை கூடுதல் டியூப்தான் கதியா? சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயங்கள், அங்கே சைக்கிளை உள்ளே விடுவார்களா? மழை முடிந்து தை மாதம் வர நினைக்கிறோம், கரை மண் அதற்குள் இறுகியிருக்குமா என்பதையும் உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.