கோழிக் கூட்டில் புது இனம் சேர்த்தபோது நடந்தது – அனுபவப் பகிர்வு

தோட்டத்துச்சாலை, பல்லடம்

பதினொரு சிறுவிடை நாட்டுக் கோழி, ஒரு பெருவிடைச் சேவல், நாலு கருங்கோழி. இவ்வளவுதான் இருந்தது. சந்தையில் இரண்டு கிராப்புக் கோழியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கழுத்தில் இறகே இல்லாமல் செக்கச்செவேலென்று நின்றன. வெயில் தாங்கும் இனம், விடவில்லை. வாங்கிய அன்று ராத்திரியே, மற்றதெல்லாம் அடைந்த பிறகு கூட்டுக்குள் விட்டேன். இருட்டில் விட்டால் கொத்திக்கொள்ளாது என்று எங்கள் அப்பாரு சொல்வார். கொத்திக்கொள்ளவில்லை, அது உண்மைதான்.

ஆறாம் நாள் காலையில் ஒரு கிராப்பு றெக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. அடியில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோய். அடுத்த வாரத்துக்குள் பன்னிரண்டு கோழி போய்விட்டது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். ஆனால் கண்ணை விட்டுப் போகாதது ஒரு செங்கருப்புப் பெட்டை. அதற்குக் கழிச்சல் நின்றுவிட்டது, பிழைத்துக்கொள்ளும் என்றே நினைத்தேன். கம்பு போட்டேன். கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. கம்பைப் பார்க்கிறது, கொத்துகிறது, அலகு ஒரு சாண் தள்ளி வெறும் மண்ணில் விழுகிறது. மறுபடியும் கொத்துகிறது. பசி இருக்கிறது, வாய்க்கு எட்டவில்லை. அப்புறம் பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சுவரில் இடித்து உட்கார்ந்துவிட்டது. ஊறவைத்த கம்பை விரலால் ஊட்டிப் பார்த்தேன், ஒன்பது நாள். தங்கவில்லை.

குஞ்சில் சொட்டு மருந்து விட்டதோடு சரி. எட்டாம் வார ஊசியைப் போடாமல் விட்டுவிட்டேன். மிச்சமிருந்ததைச் சித்தப்பா வீட்டுக்கும் கொடுக்கவில்லை, நோய் அங்கேயும் பரவிவிடும் என்று பயம். அதுகளும் அப்புறம் போய்விட்டன. கூடு மூன்று மாதமாகக் காலி.

கொல்லைப்புறம், பேராவூரணி

அண்ணா, படித்துவிட்டு எழுந்துபோய் எங்கள் கூட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

என்னுடையது நோய் இல்லை. கருங்கோழி சரியாக அடையில் உட்காராது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதனால் ஏழு கருங்கோழி முட்டையை எங்கள் சிறுவிடைக்கு வைத்தேன், அதன் சொந்த முட்டை நாலோடு சேர்த்து. இருபத்தோராம் நாள் பொரித்தது. மூன்று கூமுட்டை, எட்டுக் குஞ்சு. பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் மூன்று பழுப்புக் குஞ்சு தாயின் றெக்கைக்குள் இருக்கிறது. கருப்புக் குஞ்சுகள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒன்று மட்டும் கிய்யா கிய்யா என்று கத்திக்கொண்டே தாயின் நெஞ்சுக்கு அடியில் நுழையப் போனது. தலையில் ஒரே கொத்து. விழுந்து எழுந்து மறுபடியும் அங்கேயே போனது. மூன்றாவது கொத்தில் ரத்தம் வந்துவிட்டது. அதற்கு வேறு தாய் தெரியாதே, எங்கே போகும்? அன்று முழுக்கக் கருப்புக் குஞ்சுகளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் பல்பு போட்டு வைத்திருந்தேன். ராத்திரி நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அடியில் தள்ளினேன். காலையில் ஏற்றுக்கொண்டது. கொத்து வாங்கிய அந்தக் குஞ்சு மட்டும் அதற்குள் பெட்டியிலேயே போய்விட்டது.

எல்லாக் கோழியும் இப்படிச் செய்யாது. அடுத்த ஈட்டில் வேறு தாய்க்கு வைத்தேன், நிறம் பார்க்காமல் எல்லாவற்றையும் மேய்த்தது.

காரைவீடு, சிவகங்கை

பல்லடம் தம்பி, உங்கள் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தைக் கோழியை அன்றைக்கே கூட்டில் விட்டதுதான் காரணம். நானும் இப்படித்தான் இரண்டு வான்கோழி வாங்கி வந்து, கோழி அம்மையைக் கூடவே கொண்டுவந்தேன். பதினாறு குஞ்சுக்குக் கண்ணே மூடிப்போயிற்று.

புதுக் கோழி எது வந்தாலும் ஒரு மாதம் தனியாக, எட்டத்தில் வையுங்கள். தண்ணீர்ச் சட்டி, தீவனத் தட்டு, விளக்குமாறு எல்லாம் வேறு. காலையில் பழைய கோழிக்குப் போட்டுவிட்டுத்தான் புதுசுக்குப் போக வேண்டும், புதுசைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பழையதிடம் வரக் கூடாது. செருப்பு வேறு. கழிச்சல் கிருமி காலிலும் சாக்கிலும் முட்டை அட்டையிலும்கூட வரும். கடைசி வாரத்தில் உங்கள் கோழி ஒன்றைப் பிடித்துப் புதுசோடு விடுங்கள். புதுசு ஊசி போட்டதாக இருந்தால் தனக்கு ஒன்றும் காட்டாமல் கிருமியை மட்டும் வைத்திருக்கும், உங்கள் கோழி காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு ஒரு வாரம் கம்பி வலைக்கு இருபுறமும் விட்டுப் பார்க்க விடுங்கள். சேர்க்கிற அன்று தீவனம் மூன்று இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அசீல், வனராஜா மாதிரி பெரிய கோழிகள் சிறுவிடையைத் தட்டுப் பக்கமே விடாது.

தடுப்பு மருந்து: ஏழாம் நாளுக்குள் லசோட்டா என்கிற கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நாலு, ஐந்தாம் வாரத்தில் தண்ணீரில் மறுபடி லசோட்டா, குழாயில் வரும் குளோரின் தண்ணீரில் கலக்கக் கூடாது, கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் பால் பவுடர் போட்டுக் கலக்குங்கள். எட்டாம் வாரம் றெக்கைத் தோலுக்கடியில் ஆர்டிவிகே என்கிற கழிச்சல் ஊசி. ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நோய் வந்த கூட்டில் போய் ஊசி போடாதீர்கள்.

மேட்டுத்தோப்பு, ஒட்டன்சத்திரம்

இவ்வளவு ஊசியா? எங்கள் ஆத்தா காலத்தில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கீழாநெல்லி, மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள், நாட்டுக் கோழி எழுந்து நடந்துவிடும். இந்தக் கழிச்சலே பிராய்லர் பண்ணை வந்த பிறகு வந்ததுதான்.

நான் எழுத வந்தது வேறு. எங்களிடம் ஆறு கின்னிக்கோழி உண்டு, ராத்திரி கத்தி உயிரை எடுக்கும். ஒரு நாள் நடுராத்திரி கத்தியது. எரிச்சலில் கதவைத் திறக்காமலே "சும்மா இரு" என்று அதட்டினேன். உடனே அடங்கிவிட்டது. காலையில் பார்த்தால் கூரை ஓட்டை ஒதுக்கிக்கொண்டு மரநாய் இறங்கியிருக்கிறது. ஐந்து பெட்டை, தின்னக்கூட இல்லை, கழுத்தை மட்டும் கடித்துப் போட்டிருந்தது. கின்னிகள் கூரை முகட்டில் ஒண்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அது சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

காரைவீடு, சிவகங்கை

ஒட்டன்சத்திரம் அண்ணன், மரநாய்க்கு மனசு கனத்தது. ஆனால் அந்த மருந்துப் பேச்சை அப்படியே விட முடியாது. ராணிக்கெட் என்று இந்த நோய்க்குப் பெயர் வந்ததே வடக்கே குமாயூன் மலையில் உள்ள ஊரால், 1920களில். அப்போது நம் நாட்டில் பிராய்லர் பண்ணை எங்கே இருந்தது? ஆத்தா காலத்திலும் கழிச்சல் வந்து ஊர்க் கோழி மொத்தமும் போயிருக்கிறது. உருண்டை கொடுங்கள், இரை எடுக்க உதவும். கழிச்சலைத் தடுக்கிறது ஊசிதான். உருண்டையை நம்பி ஊசி போடாமல் விட்டவர்கள் கூட்டை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துச்சாலை, பல்லடம்

எல்லாருக்கும் நன்றி. பேராவூரணி தங்கச்சி சொன்ன அந்தக் குஞ்சு எனக்கும் இனி மறக்காது.

கூட்டுத் தரையை ஒரு அடி வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் கொட்டிவிட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. ஆறு சிறுவிடை வெடைகளை, இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டைகளை, ஊசி போட்டே தருவதாகப் பக்கத்து ஊரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒரு மாதம் தனியாகத்தான். துணைக்கு விட்டுப் பார்க்க என்னிடம் பழைய கோழி ஒன்றுகூட இல்லையே, அதற்கு என்ன செய்வது? வேப்பமரத்தடியில் வலை கட்டலாம் என்று இருக்கிறேன். மேல்காற்று அங்கிருந்து நேராகக் கூட்டுப் பக்கம் வீசும். பரவாயில்லையா, இல்லை கிணற்று மேட்டுக்கு மாற்றிவிடட்டுமா?